நுரையீரல் நோயாளிக்கு டேப்லெட்டில் மூளைத்திறன் சோதனை: ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

ராஜபாளையத்துக்காரி

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. ஸ்பின்னிங் மில்லில் புளோரூம், கார்டிங் என்று பஞ்சுத் தூசிக்குள்ளேயே வேலை பார்த்தவர். பீடியும் இருந்தது, விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. சிஓபிடி (நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) என்று சொல்லி இன்ஹேலர், வீட்டில் ஆக்சிஜன் எல்லாம் போகிறது.

இப்போது மூச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்ப்பதற்கு முன் ஒரு டேப்லெட்டைக் கையில் கொடுத்து அரை மணி நேரம் சோதனை வைத்திருக்கிறார்கள். வார்த்தைகளை ஞாபகம் வைப்பது, வடிவத்துக்கு எண் போடுவது, நிறமும் எழுத்தும் பொருந்துகிறதா என்று பார்த்துத் தட்டுவது, இப்படி. ரிப்போர்ட்டில் நினைவாற்றல் 'சராசரி'. வேகம் 'மிகக் குறைவு'. கவனத்தை மாற்றும் திறன் 'குறைவு'. கடைசியில் 'மேல்பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது' என்று ஒரு வரி. விளக்கிச் சொல்ல ஆள் இல்லை, ரசீது மட்டும் சரியாகக் கொடுத்தார்கள்.

அம்மா இது டிமென்ஷியாதான் என்று முடிவே கட்டிவிட்டாள். ஆனால் அப்பா மில்லில் எந்த வருடம் எத்தனை சதவீதம் போனஸ் கொடுத்தார்கள் என்பதுவரை சொல்கிறார். எனக்குக் குழப்பம். நுரையீரலுக்குப் போன இடத்தில் மூளையை ஏன் சோதிக்கிறார்கள்? அந்த ரிப்போர்ட்டை நம்பலாமா?

மூச்சுப்பட்டறை

சென்னையில் நுரையீரல் மறுவாழ்வுப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: அது ஸ்கிரீனிங். நோய் இன்னதென்று சொல்வதில்லை, 'இந்தப் பக்கம் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்' என்று மட்டும்தான் சொல்கிறது. அதற்காகத் தூக்கிப் போடவும் வேண்டாம். நினைவு சரி, வேகம் கம்மி என்ற அந்த அமைப்பு நுரையீரல்காரர்களிடம் நாங்கள் அடிக்கடி பார்ப்பது. ஏரியில் தண்ணீர் இருக்கிறது, மதகு திறப்பதுதான் தாமதம். போனஸ் கணக்கு அப்படியே இருக்கும். ஆனால் ஒரே நேரத்தில் டிவி ஓட, யாராவது பேச, மாத்திரையும் எடுத்துப் போடச் சொன்னால் தடுமாறுவார்.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் 70 முதல் 89 வயதுவரை உள்ள 1,425 பேரை மேயோ கிளினிக்காரர்கள் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில், சிஓபிடி உள்ளவர்களுக்கு நினைவு சாராத வகை லேசான அறிவாற்றல் குறைவு வரும் வாய்ப்பு 83 சதவீதம் கூடுதல். நோய் அஞ்சு வருடம் தாண்டியவர்களுக்கு இன்னும் அதிகம். அதற்கும் முன்னால் 1987இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறது என்பதை வைத்துப் பிரித்துப் பார்த்தது. லேசாகக் குறைந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு மூளைத்திறனில் பாதிப்பு, கடுமையாகக் குறைந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு. நுரையீரல் டாக்டர் மூளையைப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆக்சிஜன் மட்டும் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். புகையால் ரத்தக்குழாய் கெடுவது, உடம்பு முழுக்க ஓடும் அழற்சி, துண்டு துண்டான தூக்கம், மூச்சு வாங்குமே என்று நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்வது, மனச்சோர்வு எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

சில விஷயம் சொல்லுங்கள். ஆக்சிஜன் தினம் எத்தனை மணி நேரம்? சும்மா உட்கார்ந்திருக்கும்போது விரல் மெஷினில் ரத்த ஆக்சிஜன் எத்தனை சதவீதம் காட்டுகிறது? சோதனைக்குச் சற்று முன் என்ன செய்தார்? கண்ணாடி போட்டிருந்தாரா? வேறு என்ன மாத்திரைகள்?

பழைய பீடி

அந்த டேப்லெட் சோதனையை நானும் எழுதியவன், அதனால் நோயாளி தரப்பு வாக்குமூலம் ஒன்று போட்டுவிடுகிறேன். 68 வயது, ரிட்டயர்டு கண்டக்டர், ரெண்டு நுரையீரலும் ஓவர்லோடு.

என்னை முதலில் வராந்தாவில் ஆறு நிமிஷம் நடக்க விட்டார்கள். மூச்சு அடங்குவதற்குள் டேப்லெட் வந்துவிட்டது. அதற்கு முன்னால் அடித்த பஃப்பில் கை வேறு நடுக்கம். அந்தச் சின்னச் சதுரத்தைத் தொடப் போனால் பக்கத்துச் சதுரம் அமுங்குகிறது. பக்கத்தில் ஒரு பெண் 'தாத்தா சீக்கிரம், சீக்கிரம்' என்கிறாள். டிக்கெட் கிழித்த காலத்தில் கும்பலில் சில்லறை எண்ணியவன் நான். அன்றைக்கு ஒரு நட்சத்திரத்துக்கும் முக்கோணத்துக்கும் வித்தியாசம் பார்க்க முடியவில்லை.

இதையும் கணக்கில் எடுங்கள், அம்மா ராஜபாளையம். உங்கள் அப்பாவையே கேளுங்கள், அன்றைக்கு எப்படி இருந்தது என்று. என் விஷயத்தில் யாரும் கேட்கவில்லை.

யாழ்க்கடல்

டொரண்டோவில் இருந்து. முதியோருக்கான நரம்பு உளவியல் பரிசோதனைதான் என் வேலை. பழைய பீடி ஐயா சொன்னது முழுக்கச் சரி. மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பூட்டமால் பஃப் எடுத்தால் கை நடுங்கும், மூச்சு வாங்கினால் கவனம் மூச்சில்தான் நிற்கும். பத்துப் பதினைந்து நிமிடமாவது இருத்தி, ஆக்சிஜன் எடுப்பவராக இருந்தால் அதை மாட்டிக்கொண்டே செய்விக்க வேண்டும்.

ஆனால் அதற்காகக் காகிதச் சோதனை மேல் என்று எண்ண வேண்டாம். 1975இல் வந்த எம்எம்எஸ்இ இன்றைக்கும் பல இடங்களில் ஓடுகிறது. இன்று என்ன கிழமை, இது எந்த இடம், மூன்று சொல்லைத் திருப்பிச் சொல்லுங்கள். நினைவும் மொழியும் கெடும் அல்சைமர் மாதிரியான நோய்க்கு அது பொருந்தும். நுரையீரல் நோயாளிகளில் பலர் 30க்கு 28 எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், ஏனென்றால் அதில் வேகத்தை யாரும் அளக்கவே இல்லை. மாண்ட்ரியலில் உருவாகி 2005இல் வெளிவந்த மோக்கா என்ற காகிதச் சோதனை பரவாயில்லை. எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு இழுப்பது, கடிகாரம் வரைவது என்று திட்டமிடும் திறனையும் பார்க்கிறது. ஆனாலும் கேள்விக்கு மூன்று விநாடியில் பதில் வந்ததா, ஒன்பது விநாடியிலா என்பது அதில் பதிவாகாது. கணினி அதை மில்லிவிநாடிக் கணக்கில் எழுதி வைக்கும். ஒருவரின் வேகம் ஒரே சீராக இருக்கிறதா, நடுநடுவே விழுகிறதா என்பதும் தெரியும். பரிசோதகரின் முகத்தைப் பார்த்துப் பதிலைத் திருத்துகிற பிரச்சினையும் இல்லை.

நான் அதிகம் கவலைப்படுவது படிப்பைப் பற்றி. அப்பா எத்தனையாம் வகுப்பு வரை படித்தவர்? ரிப்போர்ட்டில் 'சராசரி', 'குறைவு' என்று போடும்போது யாருடைய சராசரி அது? மோக்காவில் 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுப்பார்கள். எட்டாம் வகுப்போடு மில்லுக்குப் போனவருக்கு அந்த ஒன்று காணாது. யாழ்ப்பாணத்தில் மோக்காவைத் தமிழில் தகவமைத்துச் சரிபார்த்து 2020இல் வெளியிட்டிருக்கிறார்கள். அதே வருடம் இந்தியாவில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஒரு நல்ல சோதனைத் தொகுப்பை வெளியிட்டது: இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று ஐந்து மொழி. தமிழ் அதில் இல்லை. எனக்கு அது இன்றைக்கும் விளங்காத விஷயம்.

சந்தேகச்சாமி

எல்லாம் சரி, அடிப்படைக் கேள்வியை யாரும் கேட்கக் காணோம். இப்படி ஸ்கிரீனிங் செய்வதால் யாருக்காவது நன்மை நடந்திருக்கிறதா? அமெரிக்காவில் தடுப்பு மருத்துவத்துக்கான அரசுக் குழு 2020இல் இதைப் பார்த்துவிட்டு, அறிகுறி இல்லாத முதியவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய் என்றோ செய்யாதே என்றோ சொல்லப் போதுமான ஆதாரமில்லை என்றுதான் முடித்தது. 2014இலும் இதே பதில்தான்.

அப்புறம் ஒரு கணக்கு. ஒரு பேச்சுக்கு, பாதிப்பு உள்ளவரில் 80 சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கும், இல்லாதவரில் 80 சதவீதம் பேரைச் சரியாக விடுவிக்கும் சோதனை என்று வையுங்கள். தெருவில் 100 முதியவர்கள், அதில் உண்மையிலேயே 10 பேருக்குப் பாதிப்பு. சோதனை 8 பேரைப் பிடிக்கும். கூடவே நன்றாக இருக்கும் 90 பேரில் 18 பேரையும் இழுத்து வரும். ஆக 26 வீட்டில் அழுகை, அதில் 18 வீட்டில் வீண் அழுகை. டேப்லெட் விற்றவன் மட்டும் சிரிப்பான்.

கோடுபோடுபவன்

சந்தேகச்சாமி சார், டேப்லெட் ஆப் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் நானும் எரிகிற தீயில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுகிறேன். தொடுதிரையில் விரல் படுவதற்கும் ஆப்புக்கு அது தெரிவதற்கும் இடையில் பல பத்து மில்லிவிநாடி ஓடிவிடும். அந்தத் தாமதம் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. விலை குறைந்த டேப்லெட்டில், பேட்டரி இறங்கும்போது, பின்னால் வேறு ஆப் ஓடும்போது இன்னும் கூடும். வேகத்தைத்தான் அளக்கிறோம் என்றால் போன முறை ஒரு மாடல், இந்த முறை இன்னொரு மாடல் என்று வைத்து 'அப்பா மோசமாகிவிட்டார்' என்று சொல்லவே கூடாது. பெரியவர்களுக்கு விரல் நுனி காய்ந்திருந்தால் திரை எடுக்காது. அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள், அதுவும் 'மந்தம்' கணக்கில் போகும்.

நல்ல சோதனைகளில் இதற்கு ஒரு வழி உண்டு. முதலில் சும்மா விரலால் வேகமாகத் தட்டச் சொல்வார்கள். கையே மெதுவா, யோசனை மெதுவா என்று அதில் ஓரளவு பிரிந்துவிடும். ரிப்போர்ட்டில் அந்த விரல்தட்டு மதிப்பெண் தனியாக இருக்கிறதா பாருங்கள்.

ராஜபாளையத்துக்காரி

எல்லோருக்கும் நன்றி. கேட்டவற்றுக்குப் பதில்:

ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் 86, 87 காட்டுகிறது. தினம் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் போடச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா இரவு படுக்கும்போது மட்டும் போடுகிறார். கேட்டால் சத்தம் பிடிக்கவில்லை என்பார். உண்மையான காரணம் கரண்ட் பில் என்று அம்மா சொல்கிறாள்.

சோதனை நடந்தது நடைச் சோதனை முடிந்த கையோடு. ஆக்சிஜன் இல்லாமல். கண்ணாடி போட்டிருந்தார், ஆனால் ஒரு கண்ணில் கண்புரை, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். படிப்பு எட்டாம் வகுப்பு. விரல்தட்டு என்று ஒரு வரி இருக்கிறது, அதில் 'சராசரி'.

மாத்திரையில் ஒன்று: தூக்கம் வரவில்லை என்று இரவில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சளி மாத்திரை போடுகிறார். அட்டையில் குளோர்பெனிரமின் என்று இருக்கிறது.

மூச்சுப்பட்டறை

நல்லவேளை கேட்டோம். இனி வரிசையாக வருவோம்.

விரல்தட்டு சராசரி என்பதால் கைநடுக்கம் முழுக் காரணம் இல்லை. கண்புரை, களைப்பு இரண்டும் கொஞ்சம் இழுத்திருக்கும். ஆனால் நான் முதலில் கை வைப்பது ஆக்சிஜனில்தான்.

இது பழைய கதை. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு மையங்களில் 203 சிஓபிடி நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, முடிவு 1980இல் வந்தது. ஒரு பாதிக்கு இரவில் மட்டும் 12 மணி நேரம். மறு பாதிக்கு முடிந்தவரை நாள் முழுக்க. நடைமுறையில் சராசரியாகப் பதினெட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கீழே வந்தது. இரவு மட்டும் போட்ட குழுவில் இறப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அடுத்த வருடம் வந்த பிரிட்டன் ஆய்வும் 15 மணி நேரம் போட்டவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று காட்டியது. உங்கள் டாக்டர் சொன்ன பதினைந்துக்கு வேர் அங்கேதான்.

இந்த இழைக்கு வேண்டியது அந்த முதல் ஆய்வின் இன்னொரு பக்கம். அவர்களுக்கு மூளைத்திறன் சோதனையும் வைத்தார்கள். ஆறு மாதத்தில் இரண்டு குழுவுக்கும் கொஞ்சம் முன்னேற்றம். ஒரு வருடம் தொடர்ந்தவர்களில் நாள் முழுக்கப் போட்ட குழு முந்தியிருந்தது. அப்பா சரியாக அந்த 'இரவு மட்டும்' குழுவில்தான் தன்னைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆக்சிஜன் எல்லோருக்கும் டானிக் இல்லை. லேசாக மட்டும் குறைந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த 738 பேர் ஆய்வு 2016இல் வந்தது, ஆயுளிலோ ஆஸ்பத்திரி சேர்க்கையிலோ பலன் இல்லை. அப்பா உட்கார்ந்த நிலையிலேயே 88க்குக் கீழே போகிறவர் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

கரண்ட் விஷயம்: 5 லிட்டர் மெஷின் பொதுவாக 300லிருந்து 400 வாட் இழுக்கும். பதினைந்து மணி நேரத்துக்கு ஒரு நாளைக்கு 5 யூனிட் என்று வையுங்கள். இரண்டு மாத பில்லில் 300 யூனிட் ஏறும். இப்போதே இரவில் பாதி ஓடுகிறது, ஆக நீங்கள் கூடுதலாகக் கட்ட வேண்டியது பகல் பாதிக்கு மட்டும். அதை நீங்கள் கட்டிவிடுவதாகச் சொல்லிப் பாருங்கள். சத்தத்துக்கு நீளமான குழாய் வாங்கி மெஷினை அடுத்த அறையில் காற்றோட்டமாக வைக்கலாம், எவ்வளவு நீளம் வரை போகலாம் என்று மெஷின்காரரைக் கேட்டுக்கொண்டு.

அந்தச் சளி மாத்திரையை டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்து; மூளைக்குள் போய் மந்தத்தையும் குழப்பத்தையும் கொடுக்கும். வயதானவர்களுக்குத் தவிர்க்கச் சொல்லும் மருந்துப் பட்டியலில் இருப்பது.

நைட்டூட்டி சிஸ்டர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இதைச் சொல்லாமல் போக முடியாது. மூச்சுப்பட்டறை அண்ணா மணி நேரத்தைத்தான் கூட்டச் சொல்கிறார். மெஷினில் லிட்டரைக் கூட்டச் சொல்லவில்லை. வீட்டில் நிறைய பேர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். இந்த நோயில் சிலருக்கு ஆக்சிஜனை அதிகமாகத் திறந்துவிட்டால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே தேங்கும். தேங்கினால் காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், உளறல். விரல் மெஷினில் 88க்கும் 92க்கும் இடையில் நின்றால் போதும் என்று நாங்கள் வைப்பது அதனால்தான். 99 பார்க்க ஆசைப்படாதீர்கள்.

இன்னொன்று. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வேகம் குறைவது வேறு. நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இன்று ஆள் தெரியாமல் பேசினால், பட்டப்பகலில் எழுப்ப எழுப்பத் தூங்கினால், அது டேப்லெட் சோதனைக்கான விஷயமே இல்லை. சளி முற்றியிருக்கலாம், கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி. ராத்திரி 'வயசாயிடுச்சு, அப்படித்தான் பேசுவார்' என்று விட்டுவிட்டு விடிந்ததும் கூட்டி வருகிறவர்களை வார்டில் வாராவாரம் பார்க்கிறேன்.

பூஜை அறை விளக்குப் பக்கம் ஆக்சிஜன் குழாயோடு போகக் கூடாது. சொல்லிவிட்டேன்.

சந்தேகச்சாமி

பாருங்கள், இந்த இழையில் அப்பாவுக்கு உதவியது எது? ஆக்சிஜன் மணி நேரம் குறைவு, மாத்திரை தப்பு, கண்புரை பாக்கி. மூன்றையும் ஒரு நல்ல டாக்டர் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டிருந்தால் டேப்லெட் இல்லாமலே கண்டுபிடித்திருப்பார். டேப்லெட் கண்டுபிடித்தது என்ன?

யாழ்க்கடல்

ஐயா, அந்தப் பத்து நிமிடம் கிடைக்காத நாட்டில்தான் நாங்கள் எல்லோரும் வாழ்கிறோம், கனடாவும் சேர்த்து.

உங்கள் கணக்கு பிழை இல்லை. ஆனால் அது தெருவில் சோதித்தால் வரும் கணக்கு. நெதர்லாந்தில் ஹார்ன் என்ற ஊரில் உள்ள சிரோ மறுவாழ்வு மையத்துக்கு வந்த 90 சிஓபிடி நோயாளிகளை அவர்களோடு ஒத்த 90 பேரோடு ஒப்பிட்டார்கள். 2017இல் வந்த அந்த ஆய்வில், விரிவான சோதனை வைத்தபோது நோயாளிகளில் 56.7 சதவீதம் பேருக்கு அறிவாற்றல் குறைவு, மற்றவர்களில் 13.3 சதவீதம். இப்போது உங்கள் அதே 80க்கு 80 சோதனையை அந்த மையத்தின் வாசலில் வையுங்கள். 100 பேரில் 57 பேருக்குப் பாதிப்பு. 46 பேரைப் பிடிக்கும். நன்றாக இருக்கும் 43 பேரில் தவறாக இழுப்பது 9 பேரை. சோதனை மாறவில்லை, வைத்த இடம்தான் மாறியது. அமெரிக்கக் குழு சொன்னதும் அறிகுறி இல்லாத பொதுமக்களைப் பற்றித்தான். அதனால் மருத்துவ முகாமில் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் டேப்லெட் நீட்டுவதை நானும் எதிர்க்கிறேன். மறுவாழ்வு வகுப்பில் சேர்கிறவருக்கு, ஆஸ்பத்திரியில் இருந்து இப்போதுதான் வீடு திரும்பியவருக்கு, இன்ஹேலர் பிடிபடாதவருக்கு வைப்பதை எதிர்க்க மாட்டேன்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. 'குறைவு' என்று வந்தால் அடுத்த நாள் என்ன செய்யப் போகிறோம் என்று சோதனை வைப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் வைக்கக் கூடாது. ராஜபாளையத்துக்காரிக்கு நடந்தது அந்தத் தவறுதான்.

பழைய பீடி

சரி, எனக்கும் 'குறைவு' என்றுதான் வந்தது. அடுத்த நாள் என்ன செய்வார்கள் என்று நான் எதிர்பார்க்க வேண்டும்? ஏனென்றால் என் சம்சாரத்தைத் தனியாகக் கூப்பிட்டு 'அவரைப் பார்த்துக்கோங்க' என்று சொன்னதோடு சரி. எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மூச்சுப்பட்டறை

அண்ணே, முதலில் உங்களிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். ரிப்போர்ட் உங்களுடையது. நீங்கள் சம்மதித்த பிறகு வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுவதுதான் முறை.

அடுத்த நாள் என்ன என்றால், எங்கள் இடத்தில் நான் பார்த்தவரை மிகப் பெரிய மாற்றம் இன்ஹேலரில்தான். குலுக்க வேண்டும், மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும், அமுக்குவதும் மெதுவாக இழுப்பதும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும், பத்து விநாடி அடக்க வேண்டும். இது கைப்பழக்கம் போலத் தெரியும். உண்மையில் வரிசை மாறாமல் திட்டமிட்டுச் செய்யும் வேலை. இங்கிலாந்தில் இருபது வருடம் முன்பே முதியவர்களிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள்: ஒன்றின் மேல் ஒன்றாக வரும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய முடியாதவர்கள் இன்ஹேலரையும் கற்றுக்கொள்ளத் திணறினார்கள். காட்டிக் கொடுத்த நிமிஷம் சரியாகச் செய்வார், மறுநாள் மறந்திருப்பார். மருந்து வேலை செய்யவில்லை என்று டோஸை ஏற்றிக்கொண்டே போவோம். கேப்ஸ்யூலை மெஷினில் போட்டு உறிஞ்சுவதற்குப் பதில் தண்ணீர் ஊற்றி விழுங்கியவர்களும் உண்டு.

அதனால் வேகம் குறைவு என்று வந்தவருக்கு இன்ஹேலரில் ஸ்பேஸர் என்ற மருந்து தங்கும் குடுவையை மாட்டிக் கொடுக்கிறோம், அமுக்கும் நேரம் இழுக்கும் நேரம் ஒத்துப்போக வேண்டிய கவலை குறைந்துவிடும். மூன்று விதமான இன்ஹேலர் இருந்தால் ஒரே விதமாக மாற்ற முடியுமா என்று டாக்டரைக் கேட்கிறோம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பயிற்சிதான் சொல்லித் தருகிறோம். 'புரிந்ததா' என்று கேட்பதை நிறுத்திவிட்டோம், எல்லோரும் தலையாட்டுவார்கள். 'எனக்குச் செய்து காட்டுங்கள்' என்கிறோம், ஒவ்வொரு முறை வரும்போதும்.

ராஜபாளையம் தங்கச்சி, அப்பாவுக்கு ஆக்சிஜனை ஒழுங்குபடுத்தி, அந்த மாத்திரையை டாக்டர் சொல்கிறபடி மாற்றி, கண்புரையையும் முடித்து, நெஞ்சில் சளி இல்லாத சமயமாகப் பார்த்து, சில மாதம் கழித்து அதே டேப்லெட்டில் மறுபடி வையுங்கள். ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த உடனே வேண்டாம். இடையில் தைராய்டு, பி12, ரத்தசோகை, சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா, பலமாகக் குறட்டை விடுகிறாரா என்று அம்மாவைக் கேளுங்கள். அப்போதும் இறங்குமுகமாக இருந்தால் நரம்பியல் டாக்டர்.

கோடுபோடுபவன்

மறுபடி வைக்கும்போது ஒரு சின்ன விஷயம்: இரண்டாவது முறை எல்லோருக்குமே கொஞ்சம் கூடும், பழகிவிடுவதால். கேள்விகளை மாற்றிப் போடும் வேறு பதிப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லேசாகக் கூடியதை வைத்துக் கொண்டாடவும் முடியாது.

ராஜபாளையத்துக்காரி

அப்பாவிடமே ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினேன். 'மில்லுல மெஷின் ஸ்பீடு ஏத்தினாலும் நூலு அறுந்துடும்டி' என்றார். மாத்திரையை எடுத்து வைத்துவிட்டேன், வியாழக்கிழமை டாக்டரிடம் காட்டுகிறோம். கரண்ட் பில் என் கணக்கு என்று எழுதியே கொடுக்கச் சொல்கிறார்.

தேனிக்காரன்

இழையை முழுக்கப் படித்தேன். அம்மாவுக்கு 70. பள்ளிக்கூடமே போனதில்லை. பீடி சிகரெட் கிடையாது, ஆனால் காலமெல்லாம் விறகு அடுப்பு. ரெண்டு வருடமாக மூச்சு இளைப்பு, இப்போது கொஞ்சம் மந்தமாகவும் இருக்கிறாள், கடைக் கணக்கு தப்புகிறது. அவளுக்கு இந்த டேப்லெட் சோதனை வைக்க முடியுமா? எங்கே வைப்பார்கள்?

யாழ்க்கடல்

தம்பி, எழுதப் படிக்காதவருக்கு அந்த டேப்லெட் மதிப்பெண் ஏறத்தாழ எதையும் சொல்லாது. பேனாவோ திரையோ பிடித்துப் பழகாத கைக்கு வடிவம் பார்த்து எண் போடுவது என்பதே புது வேலை. கேரளத்தில் உருவாக்கி 2012இல் வெளியிட்ட படம் காட்டும் சோதனை ஒன்று உண்டு, எழுத்து தேவையில்லை; ஆனால் அது நினைவை மட்டும்தான் பார்க்கும். அம்மாவைப் பொறுத்தவரை உங்களிடம் கேட்கும் கேள்விகள்தான் கூடப் பயன்படும். பத்து வருடத்துக்கு முன் எப்படி இருந்தார், இப்போது எப்படி என்று உறவினரிடம் கேட்கும் கேள்விப் பட்டியல் 1980களின் இறுதியிலிருந்தே இருக்கிறது. கடைக் கணக்கு, பஸ் ஏறுவது, அடுப்பில் வைத்ததை மறப்பது, மாத்திரை எடுப்பது: இவற்றில் எது எப்போது மாறியது என்று எழுதிக்கொண்டு போங்கள்.

மூச்சுப்பட்டறை

தேனித் தம்பி, ஒரு கேள்வி. அம்மாவுக்கு ஸ்பைரோமெட்ரி எடுத்தீர்களா?

தேனிக்காரன்

குழாயில் ஊதுவதா? இல்லை அண்ணா. வீசிங் என்று சொல்லி மாத்திரை, சில சமயம் நெபுலைசர். அவ்வளவுதான்.

மூச்சுப்பட்டறை

அப்படியானால் டேப்லெட்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அம்மாவுக்கு நுரையீரல் நோய் இருக்கிறதா, என்ன நோய் என்பதே இன்னும் தெரியவில்லை. மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியில் நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கும், அங்கே ஸ்பைரோமெட்ரி கேளுங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகு ஊதச் சொல்வார்கள். முழுமூச்சாக ஊதும் காற்றில் முதல் விநாடியில் வெளிவருவது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சிஓபிடி என்று யோசிப்பார்கள். கூடவே உட்கார்ந்தும் நடந்தும் ஆக்சிஜன் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது போடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள், 'வீசிங் மாத்திரை' என்று கொடுப்பதில் சில சமயம் ஸ்டீராய்டு இருக்கும். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். ஊதும்போது பல்செட் கழன்று விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், எங்கள் இடத்தில் போன வாரம்கூட ஒன்று விழுந்தது.